கிரேன்காரிக்கு எழுதிய பதில்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் மூக்குக்கண்ணாடி மேல் ஆணை; அது இல்லாவிட்டால் வாசற்படி எங்கே இருக்கிறதென்றே தெரியாதவன் சொல்கிறேன்.

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், பறவைகளின் வலசை பற்றிய ஓர் இணைய வகுப்பில் சேர்ந்தேன். வாரம் ஒரு கேள்வி. நம் பதிலை எழுதிய கையோடு சக மாணவர் இருவருக்காவது மறுமொழி எழுத வேண்டும். இல்லாவிட்டால் மதிப்பெண் கிடையாது. இப்போது நினைத்தாலும் அந்த நாட்கள் நெஞ்சுக்குள் இனிக்கின்றன. சாப்பாட்டு மேசையில் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, கணினியைத் திறந்து, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்துவேன்.

"கட்டின பொண்டாட்டி சமையல் எப்படி இருக்குன்னு கேட்டா 'ம்'ங்கிறீங்க. முகம் தெரியாதவங்களுக்கு மட்டும் பக்கம் பக்கமா எழுதுறீங்க," என்பாள் மனைவி. அதற்கும் 'ம்' என்பேன்.

கூடப் படித்தவர்களில் ஒருவர் பல் டாக்டர். யார் எழுதியதையும் படிக்க மாட்டார், எல்லோருக்கும் கீழே "அருமை. முழுமையாக உடன்படுகிறேன்" என்று ஒட்டிவிட்டுப் போய்விடுவார். இன்னொருத்தி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவள். மேகத்துக்குப் பக்கத்தில், கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்து எழுதுவாள். ஒருநாள், "நான் எழுதுறதை இங்க யாரும் படிக்கிறதில்லை. இதோட நிறுத்திக்கிறேன்" என்று எழுதினாள். அதற்குக் கீழேயும் டாக்டர் ஒட்டினார்: "அருமை. முழுமையாக உடன்படுகிறேன்."

வாரமெல்லாம் நான் காத்துக் கிடந்ததே அவள் எழுத்துக்குத்தான். லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டால், உள்ளே இருப்பவரிடம் பயப்படாதீர்கள் என்று சொன்னால் இன்னும் பயப்படுவார். பதில் சொல்லும்படி ஏதாவது கேட்க வேண்டும். பதில் சொல்கிற மனுஷர் கதவு திறக்கும்வரை தாங்கிவிடுவார். அவள் முதல் வாரம் எழுதியதைத் தேடி எடுத்துக் கேட்டேன்: "உங்கள் கிரேன் நுனியில் வந்து உட்காருமே வெள்ளைக் கடற்பறவை, அது காற்றுக்கு முகத்தைக் காட்டுமா, முதுகைக் காட்டுமா?"

அவள் பார்க்கப் போனாள். கன்டெய்னர் அந்தரத்தில் நின்றது. கப்பல்கள் அடிவானம் வரை வரிசை கட்டின. பொழுது போகாத மாலுமிகள் எல்லோரும் எங்கள் வகுப்பிலேயே சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் பதில் வந்தது.

"முகத்தைத்தான் காட்டுது, தாத்தா. ஆமா, உங்க லிஃப்டுக்குள்ள எப்பவாவது பறவை மாட்டியிருக்கா?"

அவள் வகுப்பை விட்டுப் போகவில்லை. கேள்வி கேட்டவள் எப்படிப் போவாள்? டாக்டரும் திருந்திவிட்டார். எங்கள் மறுமொழிகளை நோயாளிகளுக்கு வாசித்துக் காட்டியே, மரத்துப்போகும் ஊசி இல்லாமல் பல் பிடுங்கினார்.

கடைசி வாரம் விடைபெற யாருக்கும் மனம் வரவில்லை. ஆளுக்கொரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்காக உட்கார்ந்திருந்தோம்.

அந்த வகுப்பில் பெயர் கொடுத்தது நான் ஒருவன்தான். ஆள் போதவில்லை என்று அதைத் தொடங்கவே இல்லை.