இடுப்புக்குப் போட்ட கணக்கு

எனக்குக் கை வலிக்கிறதா என்று என்னைக் கேட்காமல் ஒரு பெட்டியைக் கேட்டார்கள். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கீல், தாழ்ப்பாள் செய்கிற சின்ன கம்பெனி எங்களுடையது. நான் கைப்பிரஸ்ஸில் உட்காருகிறவள். தகட்டை வைத்து, கைப்பிடியை இழுத்துவிட்டால் ஓட்டை விழும். ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து எண்ணூறு பீஸ், அத்தனையும் வலது கையால். நான் சொல்வது 2008-ல் நடந்தது. அந்த வருஷம் கரண்ட் கட் தலைவிரித்தாடியது. கரண்ட் போனதும் மற்ற மெஷின்காரர்கள் வாசலில் நின்று காற்று வாங்குவார்கள். கைப்பிரஸ் மட்டும் நிற்காது. அதற்குக் கரண்ட் நான்தான்.

ஆறு வருஷம் இழுத்ததில் தோள் போய்விட்டது. கையைக் காதுக்கு மேல் தூக்க முடியாது. என் தலையை என் மகள் ரூக்சார்தான் வாரிவிடுகிறாள். தாம்பரத்தில் டாக்டரிடம் காட்டினேன். ஊசி போட்டுவிட்டு, “இதே வேலையை விடாம செஞ்சா இந்தக் கை அப்புறம் தூக்கவே வராதும்மா” என்றார். கம்பெனியில் நான் கேட்டது ஒன்றே ஒன்று. இரண்டு மணி நேரம் பிரஸ், இரண்டு மணி நேரம் பேக்கிங் டேபிள் என்று மாற்றிப் போடுங்கள். அவ்வளவுதான்.

மேனேஜர் ஸ்ரீநிவாசராகவன் சார் கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. கெட்டவர் என்றால் மனசார நாலு திட்டு திட்டிவிட்டுப் போகலாம். இவர் எதற்கெடுத்தாலும் காகிதம் கேட்பார்.

“வலி எல்லாருக்கும்தான் இருக்கு சித்திகா. எந்த வேலை ஹெவி, எந்த வேலை லைட்னு தெரியாம நான் எப்படி ஆளை மாத்தறது? காலேஜ்லேர்ந்து ஒரு பொண்ணு மெஷினோட வருது. அது சொல்லட்டும். ஹெவின்னு வந்தா மறுநாளே மாத்திடறேன்” என்றார்.

வந்த பெண்ணின் பெயர் ஷீலா. ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறவள். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டியை பெல்ட்டோடு என் இடுப்பில் கட்டிவிட்டாள். ஏழு நாள், குளிக்கிற தூங்குகிற நேரம் போக, கழற்றவே கூடாது. உடம்பு அசைவதை வைத்து எத்தனை கலோரி செலவாகிறது என்று அது கணக்குப் போடுமாம். எங்களில் ஆறு பேருக்குக் கட்டினாள். ஸ்டோரில் இருக்கும் சிட்டிபாபுவுக்கும் ஒன்று.

நான் சந்தோஷமாகத்தான் கட்டிக்கொண்டேன். நான் சொன்னால் நம்பாதவர்கள் மெஷின் சொன்னால் நம்பட்டுமே என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாலாம் நாள் காலை ஷீலா லேப்டாப்பைக் கொண்டுவந்து ஒவ்வொரு பெட்டியாக மாட்டிப் பார்த்தாள். முந்தின நாள் முழுக்க நான் செய்தது திரையில் ஒரு கோடாக ஓடியது. காலை ஒன்பதிலிருந்து ஒன்றுவரை அந்தக் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது.

“இந்த நேரம் ரெஸ்ட்ல இருந்தீங்களாக்கா?”

“இன்னா மேடம் சொல்றீங்க? பிரஸ்லதான் இருந்தேன். ஆயிரத்து நானூறு பீஸ் போட்ருக்கேன்.”

“ஒண்ணேகாலுக்கு நல்லா ஏறுது பாருங்க. அப்ப ஏதாவது எக்ஸர்சைஸ் பண்ணீங்களா?”

“தொழுதேன்.”

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. காலையெல்லாம் முதுகு நனைய இரும்பை இழுத்தது ஓய்வாம். படைத்தவன் முன்னால் குனிந்து நிமிர்ந்த பத்து நிமிஷம்தான் உழைப்பாம். சிட்டிபாபுவின் கோடு மலை மலையாக ஏறி இறங்கியது. ஸ்டோருக்கும் கேட்டுக்கும் பேப்பர் தூக்கிக்கொண்டு நடப்பது அவன் வேலை, நடுநடுவே டீக்கடை. “நான் இவ்ளோ வேலை செய்றேன்னு எனக்கே தெரியாதுக்கா” என்று அவனே கூச்சப்பட்டான்.

“இது இடுப்பு அசையறதைத்தான் பாக்கும்” என்றாள் ஷீலா. “நீங்க உக்காந்துகிட்டு கையால இழுக்கறீங்க. இடுப்பு அசையல.”

“அப்போ கையில கட்டுங்க.”

“முடியாதுக்கா. இது இடுப்புக்குப் போட்ட கணக்கு. கையில கட்டினா தப்பா வரும்.”

தப்பாக வருமாம். இப்போது மட்டும் ரொம்பச் சரியாக வந்து கிழித்துவிட்டதாக்கும். அவள் போனதும் பெல்ட்டைக் கழற்றினேன். பெட்டியை வலது மணிக்கட்டில் வைத்து, கைக்குட்டையால் இறுக்கிக் கட்டிக்கொண்டேன். மிச்ச நாளெல்லாம் அப்படியே இழுத்தேன். யாரிடமும் மறைக்கவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது ஷீலாவிடமும் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை மேனேஜர் ரூமில் அவள் ஒரு தாளை நீட்டினாள். முதல் மூன்று நாளுக்கு என் பெயருக்கு நேரே ஆயிரத்து அறுநூறு கலோரி, லைட் என்று இருந்தது. மிச்ச நாட்களுக்கு ஏழாயிரத்துச் சொச்சம் என்று போட்டு, குறுக்கே கோடு இழுத்து அடித்திருந்தாள்.

“தினம் ஏழாயிரம் செலவானா மனுஷங்க தாங்க மாட்டாங்கக்கா. அதான் அந்த நாளையெல்லாம் எடுத்துட்டேன்” என்றாள். சொல்லும்போது அவள் முகம் சுருங்கிப்போயிருந்தது.

“இப்படி ஏமாத்தலாமா சித்திகா? உங்க மேல எவ்ளோ மரியாதை வச்சிருந்தேன்” என்றார் சார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வேலை செய்கிற கையில் கட்டினால் ஏமாற்றா?

“சார், இந்த மெஷின் கை வேலையைப் பிடிக்காது. இதை வச்சு முடிவு பண்ணாதீங்க” என்று ஷீலா சொல்லத்தான் செய்தாள்.

“பேப்பர்ல லைட்னுதானே போட்ருக்கீங்க?”

“அந்தக் குறையைப் பத்தி தீசிஸ்ல தனியா எழுதுவேன் சார்.”

“அதை யாரு மேடம் படிப்பாங்க?” என்று நான் கேட்டேன்.

“எக்ஸாமினர்.”

“எப்போ?”

“ரெண்டு வருஷம் ஆகும்க்கா.”

என் தோள் இரண்டு மாசம் தாங்குமா என்று தெரியாமல் நான் நிற்கிறேன், இவள் இரண்டு வருஷம் என்கிறாள். சார் தாளை ஃபைலில் போட்டார். பிரஸ் லைட் வேலை, மாற்றத் தேவையில்லை. ஹெவி என்று வந்தது ஸ்டோர் மட்டும்தான். சார் சொன்ன சொல் தவற மாட்டார். மத்தியானத்துக்கு மேல் பேக்கிங் டேபிளில் உட்காரும்படி சிட்டிபாபுவுக்கு உத்தரவு போட்டார்.

திங்கட்கிழமை காலை என் வலது கை கைப்பிடிவரைகூட எழும்பவில்லை. வேலையை விட்டால் இரும்புலியூர் வீட்டு வாடகைக்கும் ரூக்சார் படிப்புக்கும் நான் எங்கே போவேன். ஸ்டூலை மறுபக்கம் திருப்பிப் போட்டு, இடது கையால் இழுக்க ஆரம்பித்தேன். முதல் ஐம்பது பீஸ் கோணலாக விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து, மதியத்துக்குள் அறுநூறு போட்டேன். அதற்குள் இடது தோளும் வலிக்கத் தொடங்கியிருந்தது.

சார் ரவுண்ட்ஸ் வந்தார். எனக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே சந்தோஷம்.

“இடது கையாலயே வருதே சித்திகா. மெஷின் சொன்னது சரிதான், லைட் வேலைதான்.”