பாதி தூரம்

அம்மாவுக்குத் தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் வைத்திருக்கிறார்கள் என்று அண்ணன் போன் செய்தபோது, சின்னவள் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வைகளை உதறிக்கொண்டிருந்தாள். பிழைப்புக்காகக் கடல் தாண்டி வந்து ஐந்து வருஷமாக அதுதான் வேலை.

"வந்து சேர எவ்வளவு நேரமாகும் குட்டி?"

நேராகப் பறந்தால் ஒன்பதாயிரம் கிலோமீட்டர், பதினோரு மணி நேரம். ஆனால் நேராகப் பறக்கும் விமானமே கிடையாது. நடுவில் இறங்கிக் காத்துக்கிடந்து இன்னொன்றில் ஏற வேண்டும்.

"நாளைக்கு சாயங்காலம் வந்துடுவேண்ணா."

"அதுவரைக்கும் மெஷின எடுக்க வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லிடறேன்."

அம்மாவுக்கு அந்தத் தூரம் கடைசிவரை பிடிபடவில்லை. "மேப்புல ஒரு சாண்கூட இல்ல. அதுக்கு ரெண்டு பிளேனா? உன்னை நல்லா ஏமாத்தறானுங்க" என்பாள். அதை நினைத்து விமானத்தில் சின்னவள் ஒருமுறை சிரித்துக்கூட விட்டாள். முன்சீட்டுத் திரையில் மீதித் தூரம் குறையக் குறைய அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நடுவழியில் இறங்கிய இடத்தில் மூடுபனி. கண்ணாடிக்கு வெளியே நின்ற விமானங்களின் வால்கூடத் தெரியவில்லை. நாளை மத்தியானத்துக்கு முன் எதுவும் கிளம்பாது என்று கவுண்டரில் இருந்த பெண் தலை நிமிராமல் சொன்னாள். அவளும் எத்தனை பேரிடம்தான் சொல்வாள்.

அண்ணனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"அம்மா எப்படி இருக்காங்க? மறைக்காம சொல்லு."

"இனி தேறாதுன்னு டாக்டர் நேத்தே சொல்லிட்டாரு. குழாயைப் பிடுங்கப் பாக்கறாங்கன்னு கையைக் கட்டிலோட கட்டி வெச்சிருக்கு. கண்ணுல தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு. நான்தான் நீ வரட்டும்னு..."

அப்படிக் கையைக் கட்டும் துணிகளை அவளுக்குத் தெரியும். சலவைக்கு வரும் மூட்டைகளில் முடிச்சு அவிழாமலே கிடக்கும். இழுத்து இழுத்து இறுகிப்போனதை நகத்தால் நெம்பித்தான் பிரிக்க வேண்டும்.

"அவிழ்த்துடுண்ணா."

"குட்டி..."

"கையை அவிழ்த்துடு. குழாயையும் எடுக்கச் சொல்லு. எனக்காகப் பிடிச்சு வெக்காத."

"பின்னாடி என்னைக் கேக்கமாட்டியே?"

"மாட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து அவனே கூப்பிட்டான். "எடுக்கப்போறாங்க. போனை அம்மா காதுல வைக்கறேன், பேசு."

மெஷின் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. பக்கத்து இருக்கையில் ஒரு குடும்பம் சார்ஜருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. வழியெல்லாம் சேர்த்து வைத்த பேச்சில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

"அம்மா, பாதி தூரம் வந்துட்டேம்மா."



மறுநாள் பனி விலகி அவள் ஊர்போய் இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. வெளியே அண்ணன் நின்றிருந்தான். பெட்டியை வாங்கிக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"திரும்ப எப்போ போகணும்?"

"ஞாயித்துக்கிழமை."