மூடிக்கு மேல் ஒரு மூடி

ஆறாம் நாள் காலையில் மேனேஜர் டிரம்மைத் திறக்கச் சொன்னதும் தீவனக்காரி அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஐம்பத்திரண்டு வயசு உடம்பு. ஏறுவதற்குள் முட்டி இரண்டு தடவை முனகியது. உட்கார்ந்தபின் கால் இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டாள்.

"என்னம்மா இது?"

"மூடி சார். மூடிக்கு மேல இன்னொரு மூடி."

நல்ல புண்ணாக்கு விலை ஏறியதும் முதலாளி, ஆலையில் மலிவாகக் கிடைத்த கடுகுப் புண்ணாக்கைப் பண்ணையில் இறக்கிவிட்டார். ஒரே காரல், கசப்பு. நாற்பது மாடும் முகர்ந்து பார்த்து, புஸ்ஸென்று மூச்சை விட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டன. பால் இறங்கியது. பழி புண்ணாக்கின் மேல் விழவில்லை. அதைத் தொட்டியில் கொட்டிய கையின் மேல் விழுந்தது. பதினாறு வருஷமாகத் தீவனம் கலக்கிய கை. வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்றார் மேனேஜர். புளிக்க வைத்தால் காரல் அடங்கும் என்று மாட்டு டாக்டர் எப்போதோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு, பத்து நாள் கேட்டாள். கொடுத்தார். பத்தாம் நாள் மாடு வாய் வைக்காவிட்டால் பதினோராம் நாள் அவளுக்கு இங்கே வேலை இல்லை.

புண்ணாக்கை இடித்தாள். கரும்பாலைப் பாகு கரைத்த தண்ணீரும் புளித்த மோரும் தெளித்துப் பிசறினாள். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது. மூன்று டிரம்மில் அடைத்து, உள்ளே இறங்கி மிதிமிதியென்று மிதித்துக் காற்றை விரட்டி, பிளாஸ்டிக் தாள் போட்டு மூடியை இறுக்கினாள்.

போன மாதம் யாருக்கும் தெரியாமல் ஒரு வாளியில் செய்து பார்த்திருந்தாள். தொட்டில் பிள்ளைக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பதைப் போல, தினமும் திறந்து பார்த்தாள். திறந்த போதெல்லாம் காற்று புகுந்தது. ஐந்தாம் நாள் பச்சைப் பூஞ்சை. குழி தோண்டிப் புதைத்தாள். ஆசைப்பட்டுப் பார்த்தே கெடுத்தது அது.

"நாளைக்கு முதலாளி வர்றார்," என்றார் மேனேஜர். "உள்ள அழுகிக் கிடந்தா நான் என்ன பதில் சொல்றது? திற. பாத்துட்டு உடனே மூடிடலாம்."

"பாத்தாதான் சார் அழுகும்."

"பாக்காம எப்படித் தெரியும்?"

"ஆறாம் மாசமே வயித்தத் திறந்து புள்ளையப் பாப்பாங்களா சார்?"

பால் கறந்துகொண்டிருந்தவர்கள் வாளிக்குள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். மேனேஜர் காது சிவந்தது.

"உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

இந்த ஒரு கேள்விக்குக் குனிந்து குனிந்தே அவள் கழுத்து வளைந்திருந்தது. இன்றைக்கென்னவோ அது குனியவில்லை. உயரத்தில் உட்கார்ந்ததாலா, என்னவோ.

"வேணும் சார். அதான் உக்காந்திருக்கேன்."

மேனேஜர் பால்காரனைக் கூப்பிட்டார். அவளுடைய கொழுந்தன்தான். ஆறு நாளாக, அண்ணி மாட்டுக்கு ஊறுகாய் போட்டிருக்கா என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன்.

"உங்க அண்ணியக் கீழ இறக்கு."

அவன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து அவளை மேலும் கீழும் பார்த்தான்.

"இறக்கலாம் சார். அப்புறம் எனக்கு யாரு சோறு போடுவா?" என்றவன் அவள் பக்கம் திரும்பினான். "கொஞ்சம் தள்ளுங்க அண்ணி."

"இங்க எனக்கே இடம் பத்தல. அதுல போய் உக்காரு."

அவன் இரண்டாவது டிரம்மில் ஏறி உட்கார்ந்தான்.

"ரெண்டு பேருக்கும் பைத்தியமா?"

"மூணாவதுக்கு ஆளில்ல சார்," என்றாள் அவள். குரல் உயரவில்லை. "திறக்கணும்னா அதைத் திறந்துக்குங்க. பூஞ்சை புடிச்சா, யாரு திறந்தாங்கன்னு முதலாளிகிட்ட நானே சொல்லிடறேன்."

மேனேஜர் மூன்றாவது டிரம்மின் இரும்பு வளையத்தைப் பிடித்தார். கொக்கியில் கட்டைவிரல் ஏறியது. டிரம்மின் கழுத்தோரத்திலிருந்து ஒரு பழைய குளுக்கோஸ் குழாய் இறங்கி, தரையிலிருந்த தண்ணீர் பாட்டிலுக்குள் நுனியை மூழ்கவிட்டிருந்தது. புளிக்கும்போது உள்ளே கிளம்பும் வாயு வெளியே வரலாம், வெளிக்காற்று உள்ளே போகாது. அதற்காக அவள் செய்த ஏற்பாடு. அதன் நுனியில் ஒரு குமிழி தடித்து, பிரிந்து, மேலே வந்து உடைந்தது.

அவர் கொக்கியை விடாமல் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இன்னொன்று வந்தது. அவர் கட்டைவிரல் கொக்கியை விட்டு இறங்கியது.