முன் படம், பின் படம்

பன்னிரண்டு படங்கள் வைத்தேன். அருந்ததி மிஸ் ஒவ்வொன்றாகத் திரையில் தள்ளிக்கொண்டு போனார். கிணற்றுக்கட்டு. மழையில் நனைந்த பிளாஸ்ரிக் கதிரை. பூட்டிய கடை. மாங்குளம் ஸ்ரேசனில் யாரும் உட்கார்ந்திராத ஒரு வாங்கு. கடைசிப் படத்தில் ஒரு செருப்பு.

"பிரதீபன், பாடத்தின்ர பேர் என்ன?"

"முகங்கள்."

"இதில முகம் எங்க?"

செருப்பைப் பார்த்தேன்.

"வெளிச்சம் நல்லா இருக்கு. கோணமும் நல்லா இருக்கு. ஆனா இதுகளைப் பார்க்கிற வெளியாள் வன்னியில சனமே இல்லையெண்டு நினைப்பான். நான் இண்டைக்கும் பஸ்ஸில நிண்டுகொண்டுதான் வந்தனான்."

எங்கள் டிஜிற்றல் கலைக் கல்லூரி வவுனியாவில் ஒரு மருந்துக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. ஒளிப்படக்கலையில் முதுமாணி, இரண்டு வருடம். எங்கள் வகுப்பில் ஒன்பது பேர். மற்ற எட்டுப் பேரும் இந்தப் பாடத்தை முடித்துவிட்டார்கள். என் தொகுப்பு திரும்பி வருவது இது இரண்டாவது தடவை. மூன்றாவது தடவையும் திரும்பினால் பதிவு ரத்து.

"வாற வெள்ளி, பின்னேரம் மூண்டு மணி," என்றார் மிஸ். "பன்னிரண்டு ஆக்கள். கமராவை நேர பார்க்க வேணும். ஒவ்வொருத்தரும் சம்மதக் கடிதத்தில கையெழுத்து வைக்க வேணும். பிறகு கொம்பியூட்டரில வெட்டி ஒட்டக்கூடாது. விளங்குதோ?"

"ஓம் மிஸ்."

போனால் போகட்டும் என்று விட்டிருப்பேன். இரண்டு வருடமாகப் பலதை அப்படித்தான் விட்டேன். ஆனால் இந்தப் படிப்புக்கான விண்ணப்பத்தை நிரப்பியது என் மனைவி சுதர்சினி. என் பெயர், என் பட்டம், என் பிறந்த திகதி எல்லாம் அவளுடைய கையெழுத்து. ஒப்பம் வைக்க மட்டும் என்னைக் கூப்பிட்டாள். நேர்முகத்துக்கு அழைப்பு வந்தபோது அவள் உயிரோடு இல்லை. காய்ச்சல், ஐந்து நாள். அவள் தொடக்கி வைத்து இன்னும் முடியாமல் இருப்பது இது ஒன்றுதான்.

சனிக்கிழமை காலை நெளுக்குளத்து வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். மாங்குளத்தில் இறங்கி, ஓட்டோவில் ஆறு கிலோமீற்றர் உள்ளே போனேன். என்னை யாருக்கும் தெரியாத ஊர் வேண்டும். தெரிந்த ஊரில் கமராவைப் பார்க்க மாட்டார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள்.

ஒரே அச்சில் வார்த்த இருபது வீடுகள், ஒரு ஒழுங்கையின் இரண்டு பக்கமும். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். கச்சான் கடலையும் உழுந்தும் போடுகிறார்கள். முதல் வீட்டு முற்றத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் கச்சான் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் மீனம்மா. கமராவைக் கண்டதும் எழும்பினார்.

"ஏங்க! நிறுவனத்துல இருந்து வந்திருக்காங்க. சைக்கிள உள்ளுக்கு எடுங்க!"

கணவர் மாயாண்டி சைக்கிளை வீட்டுக்குள் தள்ளினார். இரண்டு கதிரைகள் மறைந்தன. டிஷ் அன்ரெனாவின் மேல் உடுத்திப் பழசான ஒரு சாரம் விழுந்தது. நான் இன்னும் வாய் திறக்கவில்லை. மீனம்மா போய் மலசலகூடத்துக்குப் பக்கத்தில் நின்றார். கைகளை முன்னால் கோர்த்தார். இவ்வளவு வேகமாக ஒரு முகம் வாடுவதை நான் கண்டதில்லை.

"தம்பி, முன் படமா, பின் படமா?"

"விளங்கேல்லை அம்மா."

"உதவி குடுக்க முன்னாடி எடுக்கிறதா, குடுத்த பொறவு எடுக்கிறதா?"

மாயாண்டி எனக்கு விளக்கினார். உதவி கொடுக்க எந்த நிறுவனம் வந்தாலும் இரண்டு படம் எடுக்கும். முன் படத்தில் சிரிக்கக்கூடாது, நல்ல சேலை கூடாது, சாமான் தெரியக்கூடாது. பின் படத்தில் கட்டாயம் சிரிக்க வேண்டும், வந்த பொருளைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும்.

"முன் படத்துல சுடலைமுத்து சிரிச்சுப்புட்டான். அவனுக்கு ஆடு வரல."

பக்கத்து வேலிக்கு மேலே ஒரு தலை எழும்பியது. "நான் சிரிக்கலங்க! வெயிலுக்குப் பல்லு தெரிஞ்சிருச்சு!"

"நான் நிறுவனம் இல்லை," என்றேன். "படிக்கிறன்."

"என்னா படிக்கிறீங்க?"

"படம் எடுக்க."

மீனம்மா மாயாண்டியைப் பார்த்தார். "அதுக்கெல்லாம் படிப்பு இருக்கா?"

"எம்.ஏ. மாதிரி."

"எங்க மருமகன் ஒரு கையால பைக் ஓட்டிக்கிட்டே மத்தக் கையால எடுக்கிறானே தம்பி."

அவர்கள் என்னை நம்பவில்லை. சில நிறுவனக்காரர் யாரென்று சொல்லாமலே வந்து பார்த்துவிட்டுப் போவார்களாம், நானும் அந்த வகை என்று ஒழுங்கை முழுவதும் முடிவாகிவிட்டது. பதினான்கு பேர் நின்றார்கள். கிணற்றடியில், மலசலகூடத்தடியில், காலி ஆட்டுக்கொட்டிலில். எல்லாரும் கமராவை நேராகப் பார்த்தார்கள். கேட்டதெல்லாம் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தேன். பதினான்கு முகங்களும் ஒரே முகம். தொங்கிய வாய், ஒன்றும் கேளாத கண். பல் விளக்கும்போது கண்ணாடியில் நான் தினமும் பார்க்கும் முகம். எல்லாவற்றையும் அழித்தேன்.

ஞாயிறு காலை மறுபடி போனேன். மீனம்மா சாரத்தை எடுத்துக்கொண்டு டிஷ் அன்ரெனாவை நோக்கி ஓடினார்.

"அம்மா, நில்லுங்கோ. மறைக்க வேண்டாம். எனக்கு இது சோதனை. வெள்ளிக்கிழமை படம் குடுக்க வேணும். சரிவராட்டி என்னை நிப்பாட்டிப் போடுவினம்."

சாரத்தோடு நின்றார். "பரீட்சையா?"

"ஓம்."

"பெயிலாகிருவீங்களா?"

"ரெண்டு தரம் ஆகிட்டன்."

"அத நேத்தே சொல்ல வேணாமா!" சாரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினார். "வடிவு! சுடலை! எல்லாரும் வாங்க. தம்பிக்குப் பரீட்சையாம். ரெண்டு தடவ பெயிலாம்!"

அரை மணி நேரத்தில் ஒழுங்கையே வந்துவிட்டது. ஒவ்வொருவர் கையிலும் அடையாள அட்டையின் கொப்பி. யாரும் கேட்கவில்லை. சுடலைமுத்து குடும்ப அட்டையும் கிராம சேவகரின் கடிதமும் கொண்டுவந்திருந்தார். வடிவம்மா என்ற தடித்த பெண் ஒருவர் எனக்குத் தேத்தண்ணி நீட்டினார்.

"பொஞ்சாதியையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாமே தம்பி. ஒத்தாசையா இருக்கும்."

"இல்லை அக்கா. அவா மோசம் போயிட்டா. ரெண்டு வருசம்."

வடிவம்மா சீனிக் கரண்டியை எடுத்தார். "சீனி போதுமா?" என்றார்.

"காணும்."

"காணாது," என்று இன்னொரு கரண்டி போட்டார்.

மாயாண்டி சம்மதக் கடிதத்தை உரத்து வாசித்தார். "இப்படத்தினால் எனக்கு எவ்வித நன்மையும் கிடைக்காது என்பதை நான் அறிவேன்." நிறுத்தினார். "ஒண்ணுமே கிடைக்காதா?"

"ஒண்டும் இல்லை."

"அப்ப யாருக்குத்தான் நன்மை?"

"எனக்குத்தான்."

மாயாண்டி கடிதத்தை மடித்தார். "அப்படின்னா இந்தத் தடவ பயனாளி நீங்கதான்."

கொஞ்ச நேரம் அந்தச் செய்தி கூட்டத்துக்குள் போய்வந்தது. பிறகு மீனம்மா சொன்னார்: "பயனாளின்னா முன் படம் எடுக்கணும்ல?"

நான் மறுத்தேன். யாரும் கேட்கவில்லை. கமரா என் கழுத்திலேயே கிடந்தது. என் போன் சுடலைமுத்துவின் கைக்குப் போனது. கடிதங்களில் கையெழுத்து வைத்து முடித்தவர்கள் என்னை மலசலகூடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

"கைய முன்னாடி கோருங்க."

"சட்டை ரொம்பப் புதுசு. லிஸ்ட்ல வராது."

"மணிக்கூட்டக் கழட்டுங்க!"

மணிக்கூட்டைக் கழற்றினேன். மாயாண்டி சாரத்தை எடுத்து என் தோளில் போட்டார்.

"இப்பச் சோகமா பாருங்க," என்றார் சுடலைமுத்து.

"அவரு வந்ததுல இருந்து அப்படித்தானே பாக்கிறாரு," என்றார் வடிவம்மா.

"இது காணாது. இந்தச் சோகத்துக்குக் கோழிக்குஞ்சுதான் குடுப்பாங்க. மாட்டுக்குச் சோகப்படுங்க!"

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. முதலில் வயிறு குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. என் சத்தம்தான். தோளிலிருந்த சாரம் கீழே விழுந்தது. சுடலைமுத்து அந்த நேரம் பார்த்துப் பட்டனை அமர்த்தினார்.

"சிரிச்சுப்புட்டாரு! முன் படம் கெட்டுப்போச்சு!"

"உங்களுக்கும் ஆடு வராது!"

அப்போதுதான் கண்டேன். அரைவட்டமாக நின்ற எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலை வெயில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவர்கள் முகங்களில் விழுந்தது. ஒருவரும் போஸ் கொடுக்கவில்லை. வகுப்பில் ஒன்றரை வருடம் படித்த வெளிச்சம், கோணம், தூரம் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கை தானாகக் கமராவைத் தூக்கியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த மீனம்மா. மூக்கால் தேத்தண்ணி வந்த மாயாண்டி. கண்ணைத் துடைத்த வடிவம்மா. பல் முழுவதும் தெரிய, போனை உயர்த்திப் பிடித்தபடி சுடலைமுத்து. ஒரு முகம், அடுத்த முகம். கமரா எனக்கும் அவர்களுக்கும் நடுவே இருந்ததை அவர்கள் கவனிக்கவே இல்லை. அதற்குப் பின்னால் நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்ததால் இரண்டு படங்கள் ஆடிப்போயின.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அருந்ததி மிஸ்ஸோடு வெளியிலிருந்து வந்த பரீட்சகர் ஒருவரும் இருந்தார். பன்னிரண்டு படங்களையும் பார்த்தார்கள். மிஸ் ஒன்பதாவது படத்துக்குத் திரும்பிப் போனார்.

"இவை என்னத்தைப் பார்த்துச் சிரிக்கினம்?"

"என்னைத்தான்."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"சோகமா நிக்கச் சொன்னவை. எனக்கு நிக்கத் தெரியேல்லை."

பரீட்சகர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மிஸ் திரையைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கினார். முடியவில்லை.

"சரி பிரதீபன். பாஸ். கடைசித் தொகுப்பையும் இந்த ஒழுங்கையிலயே செய்யுங்கோ. செருப்பு வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு படங்களையும் எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலத்தில் அச்சடித்துக்கொண்டு போனேன். ஓட்டோ நிற்க முன்னரே மீனம்மா கத்தினார்.

"பாஸா?"

"ஓம் அம்மா!"

உடுப்புக் காயப்போடும் கயிற்றில் படங்களைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார்கள். ஒழுங்கையே கயிற்றடியில் நின்று சண்டை போட்டது. மாயாண்டி தன் மூக்கை மறைக்க முடியுமா என்று கேட்டார். வெட்டி ஒட்டக்கூடாது என்று சொன்னேன். சுடலைமுத்து தன் படத்தை விட்டு நகரவே இல்லை.

"படத்துல பல்லு நல்லா விழுந்திருக்குங்க."

"சரி, வாங்க," என்றார் மீனம்மா. "பின் படம்."

மறுபடி மலசலகூடத்தடி. வந்த பொருளைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்பதால் கமராவைக் கையில் பிடித்தேன். யாரும் சிரிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுடலைமுத்து எடுத்தார். பிறகு முன் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க விரலால் தள்ளினார்.

"ரெண்டுலயும் சிரிக்கிறாரு. எது முன், எது பின்னு தெரியலியே." இன்னும் ஒரு தடவை தள்ளினார். "இது யாரு?"

போனில் நான் படம் எடுப்பதில்லை. முன் படத்துக்கு முந்திய படம், இரண்டு வருடத்துக்கு முந்தியது. சுதர்சினி பஸ் தரிப்பிடத்தில் நிற்கிறாள். காற்றில் குடை மறுபக்கம் புரண்டுவிட்டது. அதைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"என்ர மனுசி," என்றேன்.

போன் கைமாறிக் கைமாறிப் போனது. யாரும் உச்சுக்கொட்டவில்லை. குடையைப் பார்த்து மாயாண்டிக்குச் சிரிப்பு வந்தது. மீனம்மா முகத்தைக் கிட்ட வைத்துப் பார்த்தார். கடைசியில் அது வடிவம்மாவிடம் நின்றது. அவர் கயிற்றைப் பார்த்தார். வலப்பக்க நுனியில் இன்னும் ஒரு படத்துக்கு இடம் இருந்தது.

"அடுத்த தடவ வரும்போது இதையும் அடிச்சுக்கிட்டு வாங்க தம்பி. இங்கனேயே தொங்கட்டும்."

போனை வாங்கிப் பார்த்தேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு முதல் தடவை.

"ஓம் அக்கா," என்றேன். "எட்டுக்குப் பன்னிரண்டு. எல்லாரையும் போல."