ஒரு சொல்லையும் விடாமல்

சுவிட்சர்லாந்தின் லாங்கன்தால் ஊரில் முதியோர் இல்லமொன்றில் வேலை செய்யும் தயாநிதி, ஓய்வு நாள்களில் பள்ளிக்கூடங்களில் தமிழ்ப் பெற்றோருக்காக மொழிபெயர்ப்பவள். அறையில் யார் என்ன சொன்னாலும் அதை அப்படியே சொல்லவேண்டும் என்பது அந்த வேலையின் விதி.

அந்த வியாழக்கிழமை வகுப்பறையில் காத்திருந்தவர் கோயில் நிர்வாகத்தில் இருக்கும் மகேந்திரன். தயாநிதியின் கணவர் இறந்தபோது முதல் ஆளாக வந்து நின்றவர்.

"தெரிஞ்ச ஆள் வேண்டாமெண்டால் வேறை ஆளைக் கூப்பிடலாம், அண்ணை" என்றாள்.

"தங்கச்சி எண்டால் இன்னும் நல்லது" என்றார் அவர்.

அவருடைய மகள் சிவானுஜா ஒரு கதிரை தள்ளி உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயது. தச்சுப் பட்டறையொன்றில் தொழில் பழக அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. ஒப்பந்தத்தில் தகப்பன் ஏன் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை என்று வகுப்பாசிரியை கேட்டார்.

"பிள்ளைக்குச் சுகமில்லை எண்டு சொல்லுங்கோ" என்றார் மகேந்திரன். தயாநிதி சொன்னாள்.

சிவானுஜா ஜெர்மனில் பேசத் தொடங்கினாள். தமிழ் தெரிந்த பிள்ளைதான். ஆனால் இதைத் தகப்பனிடம் தமிழில் சொல்ல அவளுக்கு வரவில்லை. மொழிபெயர்ப்பவர் பேசுபவராகவே நின்று 'நான்' என்றுதான் சொல்லவேண்டும். தயாநிதி மகேந்திரனின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்:

"எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, சுகமாத்தான் இருக்கிறன். நான் பொம்பிளைப் பிள்ளையளைத்தான் விரும்புறன். அதை அம்மாட்டைச் சொன்ன நாளிலையிருந்து அப்பா என்னோடை கதைக்கிறேல்லை."

இப்படியொரு வசனத்தை அவள் வாழ்நாளில் தன் வாயால் சொன்னதில்லை. குரல் நடுங்காதது அவளுக்கே வியப்பாக இருந்தது.

"இதைச் சொல்ல உங்களுக்குக் கூசேல்லையோ?" என்றார் மகேந்திரன். அவள் அதை ஜெர்மனில் சொன்னாள்.

"நான் உங்களைத்தான் கேட்டனான்."

அதையும் சொன்னாள்.

அவர் அவள் பக்கமாகச் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "வடிவாக் கேளுங்கோ. பள்ளிக்கூடம் முடிஞ்சவுடனை இவளை லண்டனிலை என்ரை அக்கா வீட்டை அனுப்பப்போறன். ரிக்கற் போட்டாச்சு. பதினெட்டு வயசு முடியக் கலியாணம் கட்டிவைச்சால் எல்லாம் சரிவரும். இதை இந்த ரீச்சருக்குச் சொல்லாதேங்கோ. சொன்னால் இந்த ஊரிலை உங்களோடை ஒருத்தரும் கதையாயினம்."

சிவானுஜாவின் கண்கள் தயாநிதியை விட்டு அகலவில்லை. தயாநிதிக்குப் பயமில்லாமல் இல்லை. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, 'வடிவாக் கேளுங்கோ' என்பதிலிருந்து 'ஒருத்தரும் கதையாயினம்' வரை ஒரு சொல்லையும் விடாமல் ஆசிரியைக்குச் சொன்னாள்.

அதைப் புரிந்துகொள்ள மகேந்திரனுக்கு அவ்வளவு ஜெர்மன் தேவைப்படவில்லை. 'லண்டன்' என்ற சொல் காதில் விழுந்ததும் எழுந்துவிட்டார்.

"நீர் எங்கடை ஆளோ?"

"ஓம் அண்ணை. இந்தப் பிள்ளையும் எங்கடை பிள்ளைதான்" என்றாள் தயாநிதி. அது அவளுடைய சொந்த வசனம். அதையும் ஜெர்மனில் சொன்னாள்.

ஆசிரியை சிறுவர் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அறிவித்தார். லண்டன் பயணம் நடக்கவில்லை. பல சந்திப்புகளுக்குப் பிறகு மகேந்திரன் கையெழுத்து வைத்தார். ஓகஸ்டில் சிவானுஜா பட்டறைக்குப் போகத் தொடங்கினாள். தகப்பன் இன்னும் அவளோடு பேசுவதில்லை.

அவர் சொன்னபடியே ஊரிலுள்ள தமிழர்களும் தயாநிதியோடு பேச்சை நிறுத்தினார்கள். அவள் கோயிலுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, அழகிப்பிள்ளை என்ற மூத்த பெண் எல்லோருக்கும் கேட்கக் கேட்டாள்: "ஏன் பிள்ளை அந்தாளின்ரை குடும்பத்தை நாறடிச்சனி?"

"எந்தக் குடும்பத்தைப் பற்றியும் நான் கதைக்கமாட்டன், அக்கா." தயாநிதி எழுந்து நின்றாள். "பொதுவாச் சொல்லுறன். பொம்பிளைப் பிள்ளை பொம்பிளைப் பிள்ளையை விரும்பினாலும், ஆம்பிளைப் பிள்ளை ஆம்பிளைப் பிள்ளையை விரும்பினாலும் அது வருத்தமுமில்லை, நோயுமில்லை. உங்கடை பிள்ளையள் ஆருக்காவது வீட்டிலை இருக்கேலாமல் வந்தால், என்ரை வீட்டிலை ஒரு அறை இருக்கு. நம்பர் சொல்லுறன்."

ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னாள். பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். பெரியவர்கள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் நம்பரை இன்னொரு தரம், இன்னும் சத்தமாகச் சொன்னாள்.