நடுப்பெட்டியில் ஏற இருந்தவர்

போக்குவரத்துப் பாதுகாப்பு அலுவலகத்தில் அவருக்குச் 'சதவீதம்' என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. இருபத்திரண்டு வருடங்களாக ஒரே வேலை. ரயில், பஸ், டிராம், படகு என்று எதில் போனால் எத்தனை பேருக்கு அடிபடுகிறது என்று ஒப்பிட்டு, ஆண்டுக்கு ஓர் அட்டவணை போடுவார். வருடம் தவறாமல் ரயிலுக்கு முதலிடம். பஸ்ஸுக்குக் கடைசிக்கு முந்தின இடம். கடைசி இடம் படகுக்கு. படகில் போகிறவர்கள் அதைப் படித்துவிட்டுக் கரையேறியதாகத் தகவல் இல்லை.

அந்த அட்டவணையை நம்பி வாழ்ந்த ஒரே ஆள் அவர்தான். பஸ்ஸில் ஏறுவதை அடியோடு விட்டுவிட்டார். ரயிலிலும் நடுப்பெட்டி, நடுப்பெட்டியிலும், போகும் திசைக்கு முதுகு காட்டிய இருக்கை. வந்த வழியை மட்டுமே பார்த்துக்கொண்டு பயணம் செய்து பழகிவிட்டார். கடவுளிடம் வேண்டிக்கொள்ளும்போதுகூட வண்டி எண்ணையும் புறப்படும் நேரத்தையும் சேர்த்தே சொல்வார். ஆண்டவனுக்குத் தேடுகிற சிரமம் இருக்கக் கூடாது பாருங்கள்.

வெளியூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு இதயத்தில் ஆபரேஷன் என்று நாள் குறித்தார்கள். மனைவி ஒரு வாரம் முன்பே பஸ் ஏறிப் போய்விட்டாள். முந்தின நாள் மாலை மகள் போனில் பேசினாள்.

"அப்பா, உள்ள கொண்டு போறதுக்கு முன்னாடி உங்களைப் பாத்துடணும்ப்பா. ஒன்பதரைக்குக் கூட்டிட்டுப் போயிடுவாங்களாம்."

"ஆறு நாப்பது ரயில்மா. ஒன்பதுக்கெல்லாம் அங்க இருப்பேன்."

"அஞ்சரைக்கே ஒரு பஸ் இருக்காமே..."

"பஸ்ஸா?" என்று தொடங்கியவர் ஐந்து நிமிடம் விளக்கினார்.

"சரிப்பா, சரிப்பா. நீங்க முழுசா வந்து சேருங்க, அது போதும்."

போனை வைத்த பிறகுதான் அவள் குரல் நடுங்கியது அவருக்கு உறைத்தது. பேசும்போது தன் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் ஆறு மணிக்கு முன்பே ஸ்டேஷனுக்குப் போய், நடுப்பெட்டி வழக்கமாக நிற்கும் தூணருகே இடம் பிடித்தார். கையில் ஒரு பை. பைக்குள் மாற்றுத் துணி ஒன்று, மீதியெல்லாம் காகிதம். வழக்கமாகச் சுமக்கும் அட்டவணைகள்; அவற்றின் மேல், இந்த ஆபரேஷனில் நூற்றுக்கு எத்தனை பேர் நலமாகத் திரும்புகிறார்கள் என்று ராத்தூக்கம் கெட்டுத் திரட்டிய கணக்கு. மகளுக்குத் தைரியம் சொல்ல அவருக்கு வேறு பாஷை தெரியாது.

வண்டி வந்தது. அன்றைக்குப் பார்த்து நான்கு பெட்டி குறைவு. அவர் எதிரே வந்து நின்றது கடைசிப் பெட்டி. அவருடைய அட்டவணைப்படி, ரயிலிலேயே ஆகாத பெட்டி. கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் நின்ற ஒரு பெண் ஒதுங்கி இடம் விட்டாள்.

"ஏறுங்க ஐயா."

"இல்லைங்க, எனக்கு நடுப்பெட்டி" என்று சொல்லிவிட்டு முன்னோக்கி நடந்தார்.

விசில் ஊதினார்கள். ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். எதிர்த்தூணில் ஒரு விளம்பரம் ஒட்டியிருந்தது: 'நடைமேடையில் ஓடாதீர்கள். உங்களுக்காக ஒருவர் காத்திருக்கிறார்.' அந்த வாசகத்தை எழுதியவர் அவரேதான். மேலதிகாரி கைகுலுக்கிப் பாராட்டிய வாசகம். எழுதியவனே அதன் கீழே ஓடினால் நன்றாகவா இருக்கும்? வேகமாக நடந்தார். ரயில் அவரைவிட வேகமாக நடந்தது, பிறகு ஓடியது. அதற்கு யாரும் விளம்பரம் எழுதி வைக்கவில்லை.

அவர் தூணருகே நின்று, இரண்டாவது வரியை மறுபடி படித்தார்.

அடுத்த ரயில் ஒன்பது மணிக்கு. மனைவிக்குப் போன் போட்டார்.

"ரயில் போயிடுச்சு."

"எப்படிப் போகும்? ஒரு மணி நேரம் முன்னாடியே போய்க் காவல் நின்னிருப்பீங்களே?"

"நின்னேன். நடுப்பெட்டி தள்ளி நின்னுடுச்சு."

"எதிர்ல பஸ் ஸ்டாண்டு இருக்கு. ஒரு வார்த்தை பேசாம ஏறுங்க. புள்ள வாசலையே பாத்துட்டு இருக்கா."

ஏழு மணி பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. அவர் ஓடினார். அட்டவணையில் சிவப்பு மையால் அடிக்கோடிட்ட குற்றம்: நகரும் வண்டியில் ஏறுதல். யாரோ கையை நீட்டி உள்ளே இழுத்தார்கள். இழுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. உட்கார இடம் இல்லை. நிற்கக் கிடைத்ததும் படிக்கட்டு. 'இறைவா, ஏழு மணி பஸ், வண்டி எண் பார்க்கவில்லை, மன்னித்துக்கொள்' என்று முணுமுணுத்தார்.

"பையைக் குடுங்க ஐயா. ரெண்டு கையாலயும் கம்பியைப் புடிங்க" என்றாள் ஓர இருக்கையில், கழுத்தில் அளவுநாடாவோடு இருந்த தையல்காரப் பெண்மணி. வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அடேயப்பா, என்ன இவ்வளவு கனம்?"

"கணக்கும்மா. எதுல போனா ஆபத்து குறைவுங்கற கணக்கு."

"அதுல பஸ் எத்தனாவது?"

அவர் தயங்கினார். "கடைசிக்கு முந்தினது."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "டிரைவர் அண்ணே, கேட்டீங்களா? நம்ம பாஸாயிட்டோம்!" என்றார் கண்டக்டர்.

வளைவு வரும்போதெல்லாம் பின்னாலிருந்து ஒரு கை அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டது. நேரான பாதையில் விட்டுவிட்டது. திரும்பிப் பார்த்தால், தோளில் மண்வெட்டி வைத்த ஒரு கூலித் தொழிலாளி ஒன்றுமே நடவாததுபோல வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு அட்டவணைகள் போட்டவருக்கு அங்கே நிற்கும்போது ஒன்று தோன்றியது. விழுந்தவர்களுக்கெல்லாம் கட்டம் போட்டிருக்கிறார். யாரோ பிடித்துக்கொண்டதால் விழாமல் போனவர்களுக்கு ஒரு கட்டமும் போட்டதில்லை.

தையல்காரப் பெண்மணி கேட்டுக் கேட்டு, மகள் விஷயம் வெளியே வந்துவிட்டது. அது இருக்கைக்கு இருக்கை தாவி டிரைவர் காதுக்குப் போயிற்று. ஆஸ்பத்திரி ஊருக்குள் நுழையும் முன்பே ரோட்டோரம்தான். ஆனால் அங்கே நிறுத்தம் கிடையாது. பஸ் ஸ்டாண்டுவரை போய்த் திரும்பினால் ஒன்பதரை தாண்டிவிடும்.

ஒன்பது பத்துக்கு, ஆஸ்பத்திரி வாசலில் பஸ் நின்றது.

"இறங்குங்க பெரியவரே, சீக்கிரம்!" என்று டிரைவர் கத்தினார்.

நிறுத்தமல்லாத இடத்தில் நிறுத்துதல். அட்டவணை நான்கு, பிரிவு ஏழு. அதைக் குற்றமாக்கச் சொல்லிப் பரிந்துரை எழுதியவர், டிரைவரைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிவிட்டு ஓடினார்.

மகளை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்திருந்தார்கள். முகம் வெளுத்திருந்தது. அவரைப் பார்த்ததும் கை நீண்டது.

"ரயில் லேட்டாப்பா?"

"ரயில் கரெக்டா வந்துச்சு. நான்தான் விட்டுட்டேன். பஸ்ல வந்தேன்மா."

"நீங்களா? பஸ்லயா?"

"படியில நின்னுட்டு."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி, எத்தனை சதவீதம்னு சொல்லுங்க. ஃபைல் இல்லாம வந்திருக்க மாட்டீங்களே."

அவர் கையைப் பார்த்தார். பை இல்லை. அது தையல்காரப் பெண்மணியின் மடியில் ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது.

"பஸ்லயே விட்டுட்டேன்மா" என்றார். அவள் நெற்றியில் கையை வைத்தார்.

மகள் சிரித்தாள். நர்ஸ் அதட்டியும் நிற்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள்.

ஐந்து மணி நேரம் அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கணக்குப் போட ஒரு துண்டுத் தாள்கூட இல்லாமல், வாழ்க்கையில் முதன்முறையாக எண் எதுவும் சொல்லாமல் வேண்டிக்கொண்டார். டாக்டர் வெளியே வந்து, "நல்லபடியா முடிஞ்சுது" என்றார். சாயங்காலம் வாட்ச்மேன் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். எதிர்த்திசை பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தார்களாம். காகிதம் ஒன்றும் கலையவில்லை. மேலே ஒரு துணிப்பொட்டலத்தில் இரண்டு வாழைப்பழம் இருந்தது.

மறுநாள் மகள் கண் விழித்து, மெல்லிய குரலில் கேட்டாள். "திரும்பிப் போறப்ப எதுலப்பா?"

"ரயில்லதான்" என்றார் சதவீதம். பிறகு கொஞ்சம் யோசித்தார். "ஆனா எந்தக் கதவு திறந்திருக்கோ, அதுல ஏறிடுவேன்."