பொதுச் சட்டை

கழுத்து வலி ஆண்டாளுக்குப் புதிதில்லை. கல்யாணமான வருடத்திலிருந்து சட்டி சுமக்கிற கழுத்து அது. வேலை முடிந்து தலைச் சும்மாட்டை எடுத்து உதறும்போது பிடரியிலிருந்து தோள் வரைக்கும் கம்பியை முறுக்கிக் கட்டியதுபோல இருக்கும். அந்த வலியோடு படுத்தால் தூக்கம் வந்துவிடும். அரிப்போடு படுத்தால்தான் வராது. பாவாடை நாடா இறுகும் இடத்தில் ஆரம்பித்து, அக்குளுக்கு ஏறி, மார்புக்குக் கீழே இறங்கி, வட்ட வட்டமாகப் படர்ந்திருந்தது. ஓரம் சிவந்து தடித்து, நடு வெளுத்துக் கிடந்தது. அதற்குப் படர்தாமரை என்று பெயர் வைத்தவன் ஒரு ராத்திரிகூட அதைச் சொறிந்திருக்க மாட்டான்.

மைசூர் விஜயநகரில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு மாடிக் கட்டடத்தில் அவளுக்குச் சித்தாள் வேலை. கூட வேலை செய்த பெண்கள் பாதிப் பேர் ஹனூர் பக்கம், மீதிப் பேர் சாமராஜநகர் பக்கம். மேஸ்திரி காளியப்பனும் ஹனூர்க்காரர்தான். சேலைமேல் ஆம்பளைச் சட்டை போடாமல் சித்தாள் வேலை செய்ய முடியாது. சிமெண்டு பட்டுத் தோல் வேகாமலிருக்க முழுக்கை வேண்டும், குனிந்தால் மாராப்பு விலகாமலிருக்கப் பொத்தான் வேண்டும். அந்தச் சட்டைகளை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. சிமெண்டு மூட்டை அடுக்கிய கொட்டகைக்குள் ஒரு கொடி கட்டியிருந்தது. சாயங்காலம் கழற்றி அதில் போட்டுவிட்டுப் போவார்கள். காலையில் வருகிறவள் எது காய்ந்திருக்கிறதோ அதை மாட்டிக்கொள்வாள். மேஸ்திரி மூட்டையாகக் கொண்டுவந்து போட்டவை, யார் மகனோ ஃபேக்டரியில் போட்டுக் கழித்தவை எல்லாம் ஒன்றாகிவிட்டன. இது யாருடையது என்று கேட்கிற பழக்கமே அங்கே கிடையாது. மழை பிடித்துக்கொண்டால் ஒன்றும் காயாது. ஈரத்தில் ஈரம் குறைந்ததாகப் பார்த்து எடுப்பார்கள்.

அரிப்பும் அந்தக் கொடியில்தான் கைமாறியது. அது அவர்களுக்குத் தெரிய ரொம்ப நாளாயிற்று.

தெரிந்ததெல்லாம் களிம்பு டியூப். பஸ் ஸ்டாப் பக்கத்து மருந்துக்கடையில் பிரசாந்த் என்பவன் இருந்தான். அவனிடம் எங்கே அரிக்கிறது என்று காட்ட வேண்டியதில்லை, அரிப்பு என்று சொன்னால் போதும், டியூபை எடுத்து வைத்துவிடுவான். காட்ட வேண்டியதில்லை என்பதே பெண்களுக்குப் பெரிய உபகாரமாக இருந்தது. தடவிய மறுநாளே அரிப்பு அடங்கும். சிவப்பு மங்கும். சரியாகிவிட்டது என்று டியூபை மூடி வைத்தால், பத்து நாளில் பழைய வட்டத்துக்கு வெளியே புது வட்டம் கிளம்பும். மறுபடியும் டியூப். ஒருத்தி வாங்கினால் நான்கு பேர் பிதுக்கித் தடவுவார்கள். மகள் தாரணியின் முழங்கைக்குக் கீழே காசு அளவுக்கு ஒன்று வந்தபோது ஆண்டாள் அதே டியூபைத்தான் எடுத்துக் கொடுத்தாள்.

தாரணிக்கு வந்ததுதான் விவகாரமாயிற்று. ஆண்டாளின் புருஷன் ஊரில் மஞ்சள் காட்டோடு கிடந்தார். மைசூரில் தாயும் மகளும்தான். தாரணி விஜயநகரிலேயே ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தாள். ஆபீஸ் போகிற தாய்மார்கள் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளுக்குச் சோறூட்டுவது, தூங்கவைப்பது. தமிழைவிடக் கன்னடம் அவளுக்கு நன்றாக வரும், அதனால் கிடைத்த வேலை. அவர்கள் வம்சத்தில் தலையில் சுமை ஏறாமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். ஆண்டாள் இதை யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. ஆனால் மகள் காலையில் தலை வாரிக்கொண்டு கிளம்பும்போது, அந்த உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பாள்.

காப்பகம் நடத்தும் கௌரம்மா ஒரு நாள் தாரணியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். சத்தம் போடவில்லை. குழந்தைகளுக்கு ஒட்டிக்கொண்டால் தாய்மார்களுக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். குணமாகிவிட்டது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வா, தசரா லீவு முடிகிறவரை இடத்தை வைத்திருக்கிறேன் என்றார். அதற்குமேல் அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை சொல்ல ஆள் கிடைக்காததுதான் ஆண்டாளுக்கு எரிச்சலாக இருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் காலையில்தான் பார்ப்பார். காலையில் போனால் அன்றைய வேலை போயிற்று. ஒரு ஆள் குறைந்தால் மேஸ்திரி வேறு ஆளைக் கொண்டுவந்துவிடுவார், அப்புறம் அந்த இடம் திரும்பக் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. அதற்குப் பெண்கள் வைத்திருந்த வழி நடை மாற்று. ஒருத்தி போனால் ஜோடிக்காரி இரண்டு பேர் நடையையும் சேர்த்து நடப்பாள். மேஸ்திரிக்குக் கணக்கு சட்டிதான், தலை இல்லை. பிறகு இவளுக்கு ஒரு நாள் வேண்டும்போது அவள் நடப்பாள். ஆண்டாளின் ஜோடி பழனாத்தாள். நீங்க போயிட்டு வாங்கக்கா, நான் பாத்துக்கறேன் என்று அவளே சொன்னாள். முதல் தடவை வரிசையில் நின்று பார்த்துவர, இரண்டாம் தடவை மாத்திரை தருமுன் சோதிக்க ரத்தம் கொடுக்க, மூன்றாம் தடவை ரிசல்ட்டோடு மாத்திரை வாங்க. மூன்று காலையும் பழனாத்தாள்தான் இரண்டு பேர் சுமையைச் சுமந்தாள்.

டாக்டரம்மா சின்ன வயது. டியூபைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டார். அவர் கன்னடத்தில் சொன்னதைத் தாரணி அம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். இந்த டியூபில் அரிப்பை மட்டும் அமுக்குகிற மருந்து கலந்திருக்கிறது, மேலே அடங்கினாற்போல இருக்கும், அடியில் பூஞ்சை கொழுத்துக்கொண்டே போகும். இப்போது வருகிற பூஞ்சை பழைய ஜாதி இல்லை. முன்பெல்லாம் இரண்டு வாரத்தில் அடங்கியது, இப்போது மாதக்கணக்கில் மாத்திரை தின்றாலும் சிலருக்கு மசிவதில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதில் பாதிப் பேர் இதற்காக வந்தவர்கள்தான். அரிப்பு நின்றாலும் ஆறு வாரத்துக்காவது மாத்திரையை நிறுத்தக் கூடாது. துணியைக் கொதிநீரில் அலச வேண்டும். ஒருவர் துணியை ஒருவர் போடக் கூடாது. கூட இருக்கிறவர்களும் சேர்ந்து மருந்து சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் வீண்.

ஆண்டாள் தலையாட்டினாள். கூட இருக்கிறவர்கள் என்றால் வீட்டில் இருப்பவர்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

மாத்திரை வேலை செய்தது. தாரணியின் கை வெளுத்துக்கொண்டே வந்தது. ஆண்டாளின் இடுப்பில் சொரசொரப்பு மட்டும் மிச்சமிருந்தது. அப்புறம் மழை பிடித்தது. ஒரு வாரம் கழித்து ஆண்டாளின் தோள்பட்டையில் புதிதாக ஒன்று தடித்தது, சட்டைக் காலர் உரசுகிற இடத்தில். அடுத்து தாரணியின் கழுத்தில். இருவருக்கும் இருந்தது ஒரே பாய்.

தாரணிதான் கண்டுபிடித்தாள். "சட்டைய கழட்டி வெச்சுட்டு வர்றியே, காலைல யாருதும்மா போடற?" என்று கேட்டாள். எது கையில் கிடைக்கிறதோ அது என்றாள் ஆண்டாள். மகள் தன் கழுத்துத் தடிப்பைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் சொன்னாள்: "நீ அங்க வாங்கிட்டு வர்ற. நான் இங்க மாத்திரை தின்னுட்டிருக்கேன்."

மறுநாள் ஆண்டாள் சந்தையில் ஒரு பழைய முழுக்கைச் சட்டை வாங்கினாள். அதைப் பையில் போட்டுக் கொண்டுபோய், போட்டுக்கொண்டு, சாயங்காலம் பையிலேயே திரும்பக் கொண்டுவந்து கொதிக்கவைத்தாள். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சொன்னால் உங்களிடமிருந்துதான் எனக்கு வந்தது என்று ஆகும். சொல்லாமலிருந்தால் தானாகப் புரிந்துகொள்வார்கள் என்று எண்ணினாள். புரிந்துகொண்டார்கள், வேறு மாதிரி.

ஊரில் ஆண்டாள் வீட்டுக்குக் காடு இருந்தது. பழனாத்தாளின் மனிதர்கள் அந்தக் காட்டில் கூலிக்கு வருகிறவர்கள். வாசல்படிக்கு வெளியே நின்று, கையில் ஊற்றிய தண்ணீரைக் குடித்துப் போகிறவர்கள். மைசூருக்கு வந்த பிறகு அதெல்லாம் இல்லாமல் போயிற்று. ஒரே பானையில் மோந்து குடித்தார்கள், ஒரே கொடியில் சட்டை எடுத்தார்கள். இல்லாமல் போயிற்று என்று ஆண்டாள் நினைத்திருந்தாள். பழனாத்தாள் அப்படி முழுதாக நம்பியிருந்தாளா என்று அவள் யோசித்ததே இல்லை.

மத்தியானம் சோற்றுப் போசியைத் திறக்கும்போது பழனாத்தாள் எப்போதும்போலப் பக்கத்தில் உட்காராமல் மணல் குவியலுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"ஏன்டி, இங்க எடமில்லையா?" என்றாள் ஆண்டாள்.

"நாங்க தள்ளியே உக்காந்துக்கறோமுங்க, பண்ணாடிச்சியம்மா."

ஊரில் காட்டுக்காரர் வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிற சொல் அது. இத்தனை வருடத்தில் மைசூரில் ஒரு தடவைகூட அவள் வாயில் வந்ததில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த மற்றவர்கள் கையை நிறுத்திப் பார்த்தார்கள்.

"என்ன பேச்சுடி இது. நோவுக்கோசரம் தனியா வெச்சிருக்கறேன்."

"நோவா. எங்க வேர்வை நாறுதுன்னு சொல்றதுக்கு என்ன. ஊர்ல படியேற உடமாட்டீங்க, அது தெரிஞ்ச கதை. இங்க ஒரே சட்டைல உளுந்து பொரண்டோம், அதும் இன்னைக்கி முடிஞ்சுதாக்கும்."

டாக்டர் சொன்னதையெல்லாம் ஆண்டாள் அப்போதுதான் கொட்டினாள். பூஞ்சை, துணி, கொதிநீர், கூட இருக்கிறவர்கள். சொல்லிக்கொண்டே வரும்போது, கூட இருக்கிறவர்கள் யாரென்று அவளுக்கே புரிந்தது. பழனாத்தாள் எழுந்து வந்தாள். யார் பார்க்கிறார்கள் என்று பாராமல், சட்டையைத் தூக்கி, சேலைக் கொசுவத்தைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினாள். வயிறு முழுக்க, முதுகு வரைக்கும், வட்டத்துக்குள் வட்டம். தோல் கருத்து, டியூப் தடவித் தடவி வெங்காயச் சருகுபோல மெலிந்து, அங்கங்கே வெடித்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன" என்றாள் ஆண்டாள். சொல்லி முடிக்குமுன்பே அது எவ்வளவு கேவலமான கேள்வி என்று தெரிந்துவிட்டது.

"எப்பப் போறது? உங்க சட்டியையும் சேத்து நாந்தானக்கா தூக்கிட்டிருந்தேன்."

அக்கா என்ற சொல் திரும்பி வந்ததைக் கேட்டு ஆண்டாளுக்கு நிம்மதி வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை டியூபையாவது நிறுத்து என்றாள். பழனாத்தாள் சிரித்தாள். "ஆறு வாரங் களிச்சு ஆறறது இருக்கட்டும். எனக்கு இன்னைக்கி ராத்திரி தூங்கோணும்."

மறுநாளே நீ போ, உன் நடையை நான் நடக்கிறேன் என்று ஆண்டாள் சொன்னாள். மறுநாள் ஜல்லி லாரி வந்தது, எல்லாரும் இறக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த நாள் கம்பி ஏற்றினார்கள். ஞாயிற்றுக்கிழமை போகச் சொன்னார் மேஸ்திரி, ஞாயிற்றுக்கிழமை தோல் டாக்டர் இல்லை. இப்படியே தசரா வந்து, லீவும் முடிந்தது. தாரணி காப்பகத்துக்குப் போனாள். கழுத்தில் இருந்தது இன்னும் முழுதாக ஆறவில்லை, துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு போனாள். கௌரம்மா துப்பட்டாவை விலக்கிப் பார்க்கவில்லை. டாக்டர் சீட்டைக் கேட்டார், சீட்டு இல்லை. உள்ளே தாரணியின் இடத்தில் வேறொருத்தி குழந்தைகளுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள்.

தாரணி வீட்டுக்கு வந்து அழவில்லை. அம்மாவைத் திட்டவும் இல்லை. கூரைக்குக் கான்கிரீட் போடும் நாளுக்கு ஆள் வேண்டும் என்று மேஸ்திரி சொன்னாராமே, நான் வருகிறேன் என்றாள். ஆண்டாள் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டாள். பழனாத்தாள் நடையைத் தாரணி நடந்தால் பழனாத்தாள் அன்று ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கணக்குப் போட்டாள். அப்படி நினைத்தால் மகள் சட்டி தூக்குவதைப் பார்க்கக் கொஞ்சம் தெம்பு வரும் என்று தோன்றியது.

கான்கிரீட் அன்று பழனாத்தாள் குளித்து, நல்ல சேலை கட்டி, ஆதார் அட்டையை மஞ்சப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள், மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போக. காளியப்பன் தலைகளை எண்ணினார். வேறு இடத்திலிருந்து வருவதாக இருந்த ஆட்கள் வரவில்லை. மிக்சர் ஓடத் தொடங்கியிருந்தது. பழனாத்தாளுக்குப் பதில் என் மகள் வந்திருக்கிறாள் என்றாள் ஆண்டாள். உன் மகளும் வேண்டும், அவளும் வேண்டும் என்றார் அவர்.

"அவளுக்கு ஒடம்பு முளுக்க வெடிச்சுக் கெடக்குதுங்க, மேஸ்திரி."

"அரிப்புல செத்தவங்க யாரும்மா? கான்கிரீட் பாதியில நின்னா நாஞ் செத்தேன்."

அவர் சொன்னதும் பொய்யில்லை. பாதியில் நிறுத்தினால் கூரை விரிசல் விடும், முதலாளி அவர் கூலியில்தான் பிடிப்பான்.

பழனாத்தாள் மஞ்சப் பையை ஆணியில் மாட்டினாள். கொட்டகைக்குள் போய்ப் பழைய சேலைக்கு மாறி, கொடியிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஆண்டாள் தன் சட்டையை மகளுக்குக் கொடுத்துவிட்டாள், அதனால் அவளும் கொடியிலிருந்துதான் எடுத்தாள். அது ஈரமாக இருந்தது. மூவரும் ஒருவர் பின் ஒருவராக ஏணிப்படியில் ஏறினார்கள். தாரணிக்குச் சும்மாடு கட்டத் தெரியவில்லை. பழனாத்தாள்தான் பாதிப் படியில் நின்று அதைச் சரியாகச் சுற்றி அவள் தலையில் அழுத்தி வைத்தாள்.

கான்கிரீட் முடிந்தது. பிறகு பூச்சு வேலை ஆரம்பித்தது, அதற்கும் ஆள் பற்றவில்லை. பழனாத்தாள் இன்னும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஆண்டாள் அவளுக்கு மூன்று காலை நடை பாக்கி.